ஓட்ட நாய்: உயரமும் திருப்பமும்

மோப்பத்தால் தடம் பிடிக்காமல், கண்ணால் கண்டு ஓடிப் பிடிக்கும் வேட்டை நாய்களை பிரிட்டனின் நாட்டுப்புறத்தார் ஓட்ட நாய்கள் என்பார்கள். கிரேஹவுண்ட், அதன் சிற்றுருவான விப்பெட், இவற்றோடு டெரியரோ ஆட்டுக்கிடை நாயோ கலந்து பிறந்த லர்ச்சர் ஆகியவை இந்தக் கூட்டத்தில் முதன்மையானவை. முயலை விரட்டும்போது இவற்றின் உருவ அளவு சுறுசுறுப்பைக் கூட்டுமா, குறைக்குமா என்ற கேள்விக்கு நாய் வளர்த்தவர்கள் நூற்றாண்டுக்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். அந்த விடைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: நாயின் உயரத்தைத் தீர்மானித்தது நாயின் இனத்தைவிட, முயலுக்கும் அதன் வளைக்கும் இடையிலிருந்த தூரம்தான்.

இரண்டு முயல்கள்

தமிழில் முயல் என்று ஒரே சொல்லால் சொல்வது இரண்டு வெவ்வேறு விலங்குகளை. ஒன்று வளை தோண்டிக் கூட்டமாக வாழும் குழிமுயல். ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து பரவியது, பெரும்பாலும் இரண்டு கிலோவுக்குள் அடங்குவது. மற்றது வளையே இல்லாமல் புல்லிலோ உழுசாலிலோ பள்ளம் செய்து படுக்கும் காட்டுமுயல். ஐரோப்பாவில் அது மூன்று, நான்கு கிலோ எடை இருக்கும். ஆபத்து வந்தால் காட்டுமுயல் நிலத்தையே நம்பி ஓடும். மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டும் வேகத்தில், திரும்பித் திரும்பி, வயல் கடந்து வயல் ஓடும். குழிமுயல் அப்படியில்லை. புதர்வேலியை ஒட்டி மேயும். அரவம் கேட்டதும் சில நொடிகளில் வளைக்குள் போய்விடும்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் நாயின் அளவைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. காட்டுமுயலைப் பிடிக்க நீண்ட ஓட்டம் வேண்டும். குழிமுயலைப் பிடிக்க முதல் பாய்ச்சலும் கடைசித் திருப்பமும் வேண்டும். நம் நாட்டுக் காட்டில் உள்ளது காட்டுமுயல் வகை. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கால் நீண்டு, இடுப்பு ஒடுங்கி இருப்பதற்கும் அவை ஓடிய மறைவற்ற கரிசல் வெளிக்கும் தொடர்பு உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அந்த முயல் வேட்டை குற்றம்.

பழைய சான்றுகள்

நாய் வேட்டையைப் பற்றிக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் செனபோன் மோப்ப நாய்களை மட்டுமே அறிந்திருந்தார். அவர் விட்ட இடத்தை நிரப்பியவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் அரியன். கெல்டிக் மக்கள் வளர்த்த வெர்ட்ராகஸ் என்னும் விரைவு நாயைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். ஹோர்மே என்ற தம் பெண் நாயை அன்போடு விவரித்த அந்த நூலில், தலைமுதல் வால்வரை உடல் நீண்டிருப்பதே வேகத்துக்குத் தலையாய அடையாளம் என்றார். அவர் மனத்தில் இருந்தது காட்டுமுயல். அதற்கு முன்னோட்டம் கொடுக்க வேண்டும், இரண்டு நாய்களுக்கு மேல் அவிழ்த்துவிடக் கூடாது என்பவை அவருடைய விதிகள். நீண்ட நாயே நல்ல நாய் என்ற எண்ணம் ஐரோப்பிய எழுத்தில் அங்கே தொடங்குகிறது.

இங்கிலாந்தில் குழிமுயல் நிலைபெற்றது நார்மன் ஆட்சிக்குப் பின், 12-ஆம் நூற்றாண்டில். பிரபுக்களும் மடங்களும் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் அதை மண்மேடுகளில் வளர்த்தார்கள், காவலாளும் வைத்தார்கள். குழிமுயல் சொத்தானதும் அதைப் பிடிக்கக்கூடிய நாய் சட்டத்தின் கண்ணில் பட்டது. 1389-ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்திலிருந்து ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் இல்லாதவர் கிரேஹவுண்ட் வைத்திருப்பதையும், முயலை வளையிலிருந்து கிளப்பும் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்கைப் பயன்படுத்துவதையும் தடுத்தது.

அரச வனங்களில் மான்களைக் காக்க இன்னும் கொடிய வழி இருந்தது. நாய் விரைந்து ஓடாதபடி முன்னங்காலின் மூன்று நகங்களை வெட்டிவிடுவார்கள்; 1217-ஆம் ஆண்டின் வன சாசனம் இதை முறைப்படுத்தியது. சிறு நாய்களுக்கு விலக்கு உண்டு. லிண்ட்ஹர்ஸ்ட் ஊரின் வனநீதிமன்றக் கூடத்தில் இன்றும் பழைய குதிரை அங்கவடி ஒன்று தொங்குகிறது. அதற்குள் நுழைந்து வெளியேறும் நாய்க்கு நகம் வெட்டுவதில்லை என்பது அவ்வூர் மரபு. சிறிய நாயால் மானுக்குக் கேடில்லை என்பது அந்த அளவுகோலின் கணக்கு.

அந்தச் சிறிய நாயால் குழிமுயலுக்குக் கேடுண்டு என்பதை எழுதிவைத்தவர் மருத்துவர் ஜான் கீஸ். 1570-இல் லத்தீனில் வெளிவந்து 1576-இல் ஆங்கிலமான அவருடைய நாய் நூலில் டம்ளர் என்ற வகை வருகிறது. சற்றுப் பெரிதாக இருந்தால் கலப்புக் கிரேஹவுண்ட் என்றே அழைக்கலாம் என்று அதன் அளவைச் சொல்கிறார். உடலை முறுக்கி, வட்டமடித்து, அக்கறையில்லாததுபோல் நெருங்கி, காற்றின் திசை பார்த்து, முயலுக்கும் வளைக்கும் நடுவே பாயும் நாய் அது. இரவில் குரைக்காமல் முயல் பிடித்துவரும் ‘திருட்டு நாய்’ ஒன்றையும் அவர் விவரிக்கிறார். நேரோட்டத்தால் வெல்ல முடியாததைத் திருப்பத்தாலும் தந்திரத்தாலும் வெல்லும் சிற்றுருவத்துக்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த நூற்றாண்டில், 1671-ஆம் ஆண்டுச் சட்டம் பறிமுதல் செய்யச் சொன்ன நாய்களின் பட்டியலில் லர்ச்சர் பெயரோடு இடம்பெற்றது.

பந்தயக் களமும் சுரங்கத் தெருவும்

காட்டுமுயல் ஓட்டம் செல்வந்தர்களின் விளையாட்டாக வளர்ந்து, 1776-இல் ஸ்வாஃபமில் ஆர்ஃபோர்ட் பிரபுவின் சங்கமும், 1836-இல் லிவர்பூல் அருகே ஆல்ட்கரில் வாட்டர்லூ கோப்பையும் தொடங்கின. முயலைக் கொல்வதற்கு மட்டும் அங்கே புள்ளி இல்லை, திருப்பவைப்பதற்கும் உண்டு. முயல் செங்கோணமோ அதற்கு மேலோ திரும்பினால் ஒரு புள்ளி, குறைவாகத் திரும்பினால் அரைப் புள்ளி.

வேகமும் திருப்பமும் ஒருங்கே வேண்டிய அந்தக் களத்தில் 1868, 1869, 1871 என மூன்று முறை கோப்பை வென்றது மாஸ்டர் மக்ரா என்ற அயர்லாந்து நாய். அதன் எடை 54 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 24.5 கிலோ. ஆண் கிரேஹவுண்ட்கள் 30 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். எடையில் பின்தங்கிய ஒரு நாய் அத்தனை பெரிய நாய்களை வென்றதைப் பார்த்த பிறகு, பெரிதே சிறப்பு என்ற அரியன் காலத்து நம்பிக்கையை அப்படியே வைத்திருக்க முடியாது.

வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் இன்னும் கீழே இறங்கினார்கள். நெருக்கமான வரிசை வீடுகளில் கிரேஹவுண்டுக்கு இடமும் இல்லை, தீனிக்குக் காசும் இல்லை. சிறு கிரேஹவுண்டையும் டெரியரையும் கலந்து அவர்கள் உருவாக்கிய விப்பெட், அடைப்புக்குள் விடப்பட்ட குழிமுயலை யார் நாய் முதலில் கவ்வுகிறது என்ற போட்டியில் வளர்ந்தது. பின்னர் 200 கெஜ நேர்த்தடத்தில், உரிமையாளர் ஆட்டும் துணியை நோக்கி ஓடியது. அதன் எடைக்கேற்ப முன்னோட்டம் கொடுத்தார்கள். 1891-இல் கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. இன்றைய பிரிட்டிஷ் அளவுப்படி ஆண் விப்பெட் தோள்வரை 47 முதல் 51 சென்டிமீட்டர். ஆண் கிரேஹவுண்ட் 71 முதல் 76.

திருப்பத்தின் கணக்கு

ஓடும் உடல் வளையும்போது, வளைவின் ஆரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப விரியும். கால்கள் தரையைப் பற்றும் வலு ஒரே அளவு என்று கொண்டால், நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் வரும் நாய்க்கு 32 மீட்டர் ஆரம் தேவைப்படும் இடத்தில், 8 மீட்டர் வேகத்தில் வரும் நாய்க்கு 8 மீட்டர் போதும். முயல் கடைசி நொடிவரை காத்திருந்து சட்டென்று திரும்புவது இதனால்தான். மெதுவான விலங்கு உள்வட்டத்தில் தப்புகிறது. 1974-இல் ஹௌலண்ட் என்ற உயிரியலாளர் இந்தச் சூழ்ச்சியைக் கணித வடிவில் எழுதினார்.

இந்தக் கணக்கில் எடை வரவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய நாய் அகலத் திரும்புவதற்கு முதல் காரணம் அது வேகமாக வருவது. வேகத்தை அடக்கத் தெரிந்த பெரிய நாய், அடக்கத் தெரியாத சிறிய நாயைவிட நெருக்கமாகத் திரும்பும். கோலி என்னும் ஆட்டுக்கிடை நாயின் ரத்தம் கலந்த லர்ச்சர்களைப் பலர் விரும்பியது இதற்காகவே: முயல் எங்கே திரும்பும் என்று முன்கூட்டி உணர்ந்து அது வேகத்தைக் குறைக்கும்.

ஆனாலும் உருவத்துக்குப் பங்குண்டு. உடலைத் திசைமாற்றிச் சுழற்றுவதற்கான தடை, ஒரே வடிவிலுள்ள உடல்களில், நீளத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். அதைச் சுழற்றும் தசையின் திருகுவிசை மூன்றாம் அடுக்கில்தான் ஏறும். ஆகவே உயரம் ஒன்றரை மடங்கானால் உடலைத் திருப்பும் துரிதம் பாதிக்கும் கீழே இறங்கும். விப்பெட்டுக்கும் கிரேஹவுண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய இதே ஒன்றரை மடங்கு.

திருப்பத்தின் சுமை கால்களில் இறங்குகிறது. 2005-இல் அஷர்வுட், வில்சன் இருவரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, பந்தயக் கிரேஹவுண்ட் வளைவில் மனிதனைப்போல் வேகத்தைக் குறைப்பதில்லை. கால் தாங்கும் விசை 65 சதவீதம் கூடியும் அதே தாளத்தில் ஓடுகிறது. அதற்கான விலையும் உண்டு. எப்போதும் இடப்பக்கமே திரும்பும் பந்தயத் தடங்களில் இந்த நாய்களின் வலது பின்னங்கால் கணுவெலும்பு முறிவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய காயம். கரடான வயலில் கனத்த நாய் இடறி விழுந்தால் அடி இன்னும் பலமாக விழும்.

உயரமான நாய்க்கு வேறு ஆதாயம் இருக்கிறது. உழுத மண்ணில் அதன் எட்டு தளராது. தொலைவில் கிளம்பிய முயலை அது எட்டிவிடும், சிறிய நாயால் முடியாது. ஆனால் குழிமுயல் தரையோடு தரையாக ஓடுவது. அத்தனை உயரத்திலிருந்து தலையைத் தாழ்த்திக் கவ்வுவதற்குள் வேலி வந்துவிடும்.

நோய்க்குப் பின்

1952-இல் பிரான்சில் ஒருவர் தம் தோட்டத்தில் விட்ட மிக்சோமடோசிஸ் என்ற நோயின் கிருமி, அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் கென்ட் பகுதியை எட்டியது. 1955-க்குள் அந்நாட்டுக் குழிமுயல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மாண்டன. கண்ணும் முகமும் வீங்கி அவை இறந்த விதத்தைக் கண்டவர்கள் முயல் வேட்டையையே வெறுத்ததுண்டு. பிழைத்தவை பெருகிய பின், கையடக்க விளக்கோடு இரவு வயலில் வேட்டையாடும் பழக்கம் பரவி, லர்ச்சருக்கு மறுவாழ்வு வந்தது. பிரையன் பிளம்மர் 1979-இல் எழுதிய லர்ச்சர் நூல் அந்த மறுவாழ்வின் ஆவணம். குழிமுயலுக்கு 21 முதல் 24 அங்குலம், காட்டுமுயலுக்கு அதற்கு மேல் என்பது வேட்டைக்காரர் வழக்கில் ஏறத்தாழ நிலைத்துவிட்ட கணக்கு.

இங்கிலாந்தின் 2004-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் காட்டுமுயல் ஓட்டத்தைத் தடைசெய்தது. வாட்டர்லூ கோப்பை 2005-இல் கடைசியாக நடந்தது. நில உரிமையாளரின் இசைவோடு குழிமுயலை நாய் வைத்துப் பிடிக்க அதே சட்டம் இடம் விட்டது. இதனால் சிறிய லர்ச்சருக்குத் தொழில் நீடித்தது; காட்டுமுயலுக்கென வளர்த்த நெடுங்கால் நாய்களுக்குச் சட்டப்படியான வேலை அற்றது. ஆயினும் லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டங்களின் மேடுபள்ளமற்ற வயல்களில் அந்த நெடிய நாய்களைக் களவாக ஓடவிடுவது ஓயவில்லை. அதைத் தடுக்க 2022-இல் வந்த சட்டம் தண்டனையைக் கூட்டியதோடு, குற்றவாளி இனி நாய் வளர்க்கக் கூடாது என்று ஆணையிடும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது.