கண்ணகி கோட்டத்தின் முதல் பூசாரி

சித்ரா பௌர்ணமி வந்தால் வைகை அணைப் பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்துக் கூடலூருக்குக் கிளம்புவோம். பளியங்குடியிலிருந்து காட்டுப்பாதையில் ஆறேழு கிலோமீட்டர் ஏற்றம். முடியாதவர்கள் குமுளிக்குப் போய் ஜீப் ஏறுவார்கள். மேலே மங்கலதேவி கண்ணகி கோட்டம்: இடிந்த கருங்கல் சுவர்கள், இரண்டு மாநிலத்துப் போலீஸ். வருடத்தில் அந்த ஒரு பகல்தான் அனுமதி. கும்பிட்டு, வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

சிலப்பதிகாரம் சொல்லும் வழியைப் பிடித்துக்கொண்டே வந்து, இதுதான் அந்தக் கோட்டம் என்று 1963-இல் சொன்னவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். வேறு மலையைக் காட்டுகிறவர்களும் உண்டு. நான் ஆற்றங்கரைக்காரி, கோவிந்தராசனார் கட்சி. கணவன் கோவலனை இழந்த கண்ணகி மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே நடந்தாள் என்கிறது காப்பியம். அவள் கால் பட்ட மண்ணில் கொஞ்சம், 1959-இல் காமராஜர் திறந்துவைத்த நம் அணைத் தண்ணீருக்குள் கிடக்கும் என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேன்.

அதே கரையில் பின்னாலேயே வந்த இன்னொருத்தியை நாம் மறந்துவிட்டோம். தேவந்தி, புகாரில் கண்ணகியின் தோழி. அவள் கதை பிறத்தியார் வீட்டுத் துக்கத்தில் தொடங்குகிறது. மாலதி என்பவள் மாற்றாள் குழந்தைக்குப் பால் ஊட்டுகிறாள். பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சி அவள் பிணத்தோடு கோயில் கோயிலாக அலைய, பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம் தானே அந்தப் பிள்ளையாகி வளர்கிறது. அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான் தேவந்தி. எட்டு வருடம் குடும்பம் நடத்தியவன், தான் யார் என்பதைக் காட்டிவிட்டுத் தீர்த்த யாத்திரை என்று போய்விட்டான். ஊரார் கேட்டால் அவளும் அதையே சொல்லிக்கொண்டு அவன் கோயிலில் கிடந்தாள். காமன் கோயிலைக் கும்பிட்டால் புருஷன் திரும்புவான் என்று கண்ணகிக்கு யோசனை சொன்னவளும் இவளே. கண்ணகி அதை ஏற்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மதினிக்கு வெள்ளிக்கிழமை அருள் வரும். அவர் புருஷனும் பழனிக்கு நடந்தவர், திரும்பவில்லை. என் அம்மா இறந்த வருடம் என் தலையில் திருநீற்றைப் போட்டு, "அழாதடி, ஒன் ஆத்தா இந்த வீட்டுலயே வந்து பொறப்பா" என்றார். நம்பினேனோ இல்லையோ, அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

சிலப்பதிகாரத்தில் இளங்கோ எழுதியதும் இதே காட்சிதான். சேர மன்னன் செங்குட்டுவன் முன்னால் தேவந்திக்கு அருள் வருகிறது. புருவம் துடிக்க, முகம் வியர்க்க, கண் சிவக்க ஆடுகிறாள். கரகத் தண்ணீரை அங்கிருக்கும் மூன்று சிறுமிகள் மேல் தெளிக்கச் சொல்கிறாள். தெளித்ததும் முற்பிறவி நினைவு வந்து, அவர்களில் இரட்டையரான இருவர் கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும் அழுகிறார்கள். மூன்றாவது சிறுமி முற்பிறவியில் மாதரி, மதுரையில் கண்ணகிக்கு இடம் கொடுத்த ஆய்ச்சி. அடைக்கலம் வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்தவள். கண்ணகி, கோவலன் இருவரின் தகப்பன்மாரும் துக்கம் தாளாமல் துறவுக்குப் போனார்கள், கோவலனின் காதலி மாதவியும் போனாள். மாதரிக்கு அழக்கூட அவகாசம் இல்லை. அவளுக்கு வாய் கொடுத்தது அடுத்தவள் உடம்பில் வந்த சாமி.

கோட்டம் எழுப்பிய பிறகு, பூவும் புகையும் வைத்து நித்தமும் பூசை செய்யும் பொறுப்பைச் செங்குட்டுவன் கொடுத்தது தேவந்திக்கு. புருஷன் விட்டுப்போனவள், அருள் வந்து ஆடுகிறவள், ஒரு பெண். அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு மலையேறுகிறவர்கள் அவள் பெயருக்கும் ஒரு சூடம் ஏற்றலாம்.