உள்ளூர் பியரிங்கும் டிரான்சிட்டும்: இந்திய இணையத்தில் பாதை முன்னுரிமை

பாதை முன்னுரிமை என்பது, ஓரிடத்துக்குப் பல வழிகள் இருக்கும்போது தரவை எதில் அனுப்புவது என்று இணையச் சேவை நிறுவனம் தன் ரவுட்டரில் எழுதிவைக்கும் விதி. இணைய எக்ஸ்சேஞ்சில் நிறுவனங்கள் நேரடியாக இணைந்து தத்தம் வாடிக்கையாளர்களின் போக்குவரத்தை மாற்றிக்கொள்வது பியரிங். பெரிய நிறுவனத்துக்குப் பணம் கட்டி உலகம் முழுவதற்கும் வழி பெறுவது டிரான்சிட். இந்தியாவில் இவ்விரண்டில் எது முந்தும் என்பதில், கேபிள்களுக்கு நிகராகக் கட்டண விதிக்கும் பங்குண்டு.

அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் வழங்கத் தொடங்கியது. 1998இல் அரசு தனியாருக்கு வழிவிட்டபின் வந்த நிறுவனங்களுக்குள் நேரடி இணைப்பு அரிதாக இருந்தது. தென்காசிக்கு அருகிலுள்ள இலத்தூரில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனுப்பும் மின்னஞ்சல், தென்காசியில் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரைச் சேர வெளிநாடு போய்த் திரும்ப நேர்ந்திருக்கலாம். 2002இல் வந்த சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ.; ஒளியிழையில் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும் ஒளிக்கு அதில் போய்வர மட்டும் 32 மில்லிநொடி ஆகும். தென்காசியிலிருந்து சுமார் 600 கி.மீ. தொலைவிலுள்ள சென்னையிலேயே திரும்பினால் 6 மில்லிநொடி. உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே நிறுத்த, 2003 ஜூனில் லாபநோக்கற்ற நிறுவனமாக நிக்ஸி பதிவானது. நொய்டா, மும்பை, சென்னை முதலிய இடங்களில் அதன் எக்ஸ்சேஞ்சுகள் வந்தன.

குறுகிய வழியை ரவுட்டரே கண்டுகொள்ளாதா என்று கேட்கலாம். கண்டுகொள்ளாது. வலையமைப்புகளுக்கிடையே வழி அறிய ரவுட்டர்கள் பயன்படுத்தும், 1989இல் உருவான பிஜிபி நெறிமுறைக்குக் கிலோமீட்டரும் தெரியாது, தாமதமும் தெரியாது. இடையில் எத்தனை வலையமைப்புகள் என்பதையே அது எண்ணும். அந்த எண்ணிக்கைக்கும் முன்பாகப் பார்ப்பது ‘லோக்கல் பிரிஃபரன்ஸ்’ என்ற எண். பல ரவுட்டர்களில் இதன் இயல்பு மதிப்பு 100. பியரிங் வழிக்கு 200 என்று எழுதினால், டிரான்சிட் வழி எவ்வளவு குறுகியதாயினும் பியரிங்கே வெல்லும். இதற்கும் ஒரு வரம்பு உண்டு: ஒரே முகவரியைக் கொண்ட பெரிய முகவரித் தொகுதியும் அதனுள் அடங்கிய சிறிய தொகுதியும் வெவ்வேறு வழிகளில் அறிவிக்கப்பட்டால், எந்த முன்னுரிமையும் பாராமல் சிறியதே தேர்வாகும். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் /22 தொகுதிக்குள் ஒரு /24 தொகுதியை அறிவித்தபோது, உலகின் பெரும்பகுதியில் யூடியூப் போக்குவரத்து அங்கே திரும்பியது இதனால்தான்.

பியரிங்குக்கு முன்னுரிமை தருவதற்கு இன்னும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. வீட்டு இணைப்புகளை வழங்கும் நிறுவனத்துக்கு வரும் தரவே மிகுதி. லோக்கல் பிரிஃபரன்ஸ் ஆள்வதோ வெளிச்செல்லும் தரவை மட்டும். உண்மைதான். ஆகவே அந்நிறுவனம் தன் முகவரிகள் அனைத்தையும் எக்ஸ்சேஞ்சில் அறிவித்தால்தான் எதிர்த்தரப்பின் முன்னுரிமை அதற்குப் பயன்படும். நிக்ஸியின் தொடக்ககாலக் கணக்குமுறை இங்கேதான் இடறியது: கொடுப்பதைவிட அதிகம் பெறுபவர் அந்த வித்தியாசத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. முழுமையாக அறிவிப்பவருக்கே செலவு ஏறும் என்றால், குறைத்து அறிவிப்பதே அவருக்கு லாபம். பின்னர் வந்த டி-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்சுகள் தரவின் திசையைப் பாராமல் போர்ட்டுக்கு மட்டும் கட்டணம் வாங்கின. அந்த முறையில் எல்லா முகவரிகளையும் அறிவிக்கத் தயங்கக் காரணமில்லை.

எக்ஸ்சேஞ்ச் போர்ட் நிரம்பி வழியும்போதும் பியரிங்கையே பிடித்துக்கொள்வது தவறு என்பார்கள். பிஜிபி நெரிசலை அறியாது என்பதால் இந்த எச்சரிக்கை சரியே. ஆயினும் அதற்குத் தீர்வு போர்ட்டின் கொள்ளளவைக் கண்காணித்து உயர்த்துவது; முன்னுரிமையைத் தலைகீழாக்குவது அல்ல. இலத்தூரை அடுத்த வட்டாரத்தில், மத்தளம்பாறையில் 2011 முதல் மென்பொருள் நிறுவனமான ஜோஹோ இயங்குகிறது. சிற்றூரிலிருந்து உலகத்துக்கு வேலை செய்ய முடியும் என்று நிறுவப்பட்டுவிட்ட நிலையில், உள்ளூர் வழியைத் தேர்பவருக்குச் செலவு கூடாதபடி கட்டண விதியை அமைப்பது அதை வகுப்பவர்களின் கடமை.