கழகம் மாறும் காலம்

பெங்களூரின் வடகிழக்குப் பகுதியில், பிரேசர் டவுனுக்கு அண்மையில் அமைந்துள்ளது லிங்கராஜபுரம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய படைமுகாமை நம் முன்னோர் ‘தண்டு’ என்றே வழங்கினர். சென்னைப் படையைப் பின்பற்றி வந்த தமிழர் பலர் அத்தண்டையும் அதன் சுற்றுப்புறங்களையும் தம் ஊராக்கிக்கொண்டனர். படைவீரர் ஆடிய கால்பந்தும் நாளடைவில் நம் தெருப் பிள்ளைகளின் ஆட்டமாயிற்று.

அன்று தொட்டு இன்று வரை, நன்றாக ஆடும் இளைஞனைத் தேடி வெளியூர்க் கழகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு கழகத்தில் ஆடிவரும் வீரரிடம் மற்றொரு கழகம், காலத்துக்கு முன்பே, மறைவாகப் பேச்சு நடத்துவது முறையாகுமா? இக்கேள்வியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1934 முதல் 1938 வரை கல்கத்தா லீக் போட்டியில் தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், பெங்களூர் உட்படப் பல ஊர்களிலிருந்து வீரர்களைத் திரட்டியது. 1937-லும் 1938-லும் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி ரோவர்ஸ் கோப்பையை வென்றபோது நம் நகரின் புகழ் மேலும் பரவியது. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த ராமன், மைசூர் அணியின் வீரர். அதே அணியில் ஆடிய பெங்களூர் அகமது கானை ஈஸ்ட் பெங்கால் கழகம் 1949-இல் தன்னிடம் அழைத்துக்கொண்டது. அக்கழகத்தின் செயலாளர் ஜோதிஷ் சந்திர குகா தென்னகத்திலிருந்து சேர்த்த ஐவரை ரசிகர்கள் ‘பஞ்ச பாண்டவர்’ என்று போற்றினர்.

இதில் விதிமீறல் ஏதும் இருந்ததாக நாம் கூறவில்லை. அக்காலத்தில் இந்திய வீரர் பெயரளவில் ஊதியமின்றி ஆடுபவர். பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அவருக்கு இல்லை. ஆகவே கழகத்துக்கு உரிமை குறைவு. வீரருக்கோ பாதுகாப்பும் குறைவு. கல்கத்தாவில் கழகம் மாறும் பருவம் வந்தால், பேர்பெற்ற ஆட்டக்காரரை எதிரணியார் கண்ணில் படாமல் மறைத்து வைத்து, கையொப்பமிடும் நேரத்தில் காவலுடன் அழைத்து வந்த கதைகள் பல உண்டு. கேட்பதற்கு அவை சுவையானவை. ஆயின், மறைத்து வைக்கப்பட்ட இளைஞனின் நிலையிலிருந்து அவற்றை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

இங்கிலாந்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கழகம் வீரரை விடாமல் வைத்திருக்க முடிந்தது. நியூகாசில் கழகத்தை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கில், அம்முறை நியாயமற்ற தடை என 1963-இல் தீர்ப்பாயிற்று. 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்காக மாற்றுத்தொகை கேட்பதைத் தடுத்தது.

வீரர் விடுதலை பெற்றார். அவ்விடுதலைக்கு ஓர் ஒழுங்கும் வேண்டியதாயிற்று. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி இதுதான்: ஒப்பந்தத்தில் உள்ள வீரருடன் பேச விரும்பும் கழகம், முதலில் அவருடைய கழகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்திருந்தாலோ, முடிய ஆறு மாதத்துக்கு மேல் இல்லாதிருந்தாலோ மட்டுமே அவர் வேறு கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

விதி இருந்தும் மீறல் ஒழியவில்லை. 2005 ஜனவரியில் ஆர்சனல் வீரர் ஆஷ்லி கோலை, அவர் கழகம் அறியாமல், செல்சியாவின் பிரதிநிதிகள் லண்டன் விடுதி ஒன்றில் சந்தித்தனர். செல்சியாவுக்கு 3,00,000 பவுன் அபராதம். பயிற்சியாளர் மொரீனியோவுக்கும் கோலுக்கும் தனித்தனி அபராதம். ஆயினும் மறு ஆண்டே கோல் செல்சியாவில் சேர்ந்தார்! செல்வம் மிக்க கழகத்துக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கே போலும்.

நம் நாட்டிலும் 2024-இல் அன்வர் அலி மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றது பெரும் வழக்காயிற்று. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் குழு செப்டம்பர் 10-ஆம் நாள் அவருக்கு நான்கு மாதத் தடை விதித்தது. அவரும், ஈஸ்ட் பெங்காலும், தில்லி எஃப்.சி.யும் 12 கோடியே 90 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்றது. சில நாட்களில், தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு, மறு விசாரணைக்கு வழி செய்யப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? மேலான இடத்தை நாடுவது வீரருக்குக் குற்றமன்று. திறமைசாலியைத் தேடுவது கழகத்துக்கும் குற்றமன்று. மறைவே குற்றம். மறைவில் நடக்கும் பேரத்தில் கழகம் இழப்பது ஓர் ஆட்டக்காரரை. இளைஞர் இழக்கக்கூடியது தம் நற்பெயரையும், ஆடும் வயதின் அருமையான மாதங்களையும்.

இன்று லிங்கராஜபுரத்து இளைஞர் ஒருவரின் கதவை ஒரு முகவர் தட்டக்கூடும். அப்போது அவர் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: “என் கழகத்துக்கு எழுதிவிட்டீர்களா? என் ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதம் தொடங்கிவிட்டதா?” இரண்டுக்கும் இல்லை என்பதே விடையானால், கதவைச் சாத்திவிடுவதே நலம். உரிய காலம் வரும்போது அதே கதவைப் பட்டப்பகலில், பெற்றோர் முன்னிலையில் திறக்கலாம்.