மசகும் சுக்கானும்: நாட்குறிப்பில் இடம்பெறாத ஒரு வேலை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவுக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அந்நகரின் அல்சூர் ஏரியில் பாய்மரப் படகுகள் ஓடுகின்றன. 1780-இல் சென்னையில் தோன்றி, 1834 முதல் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் வீரர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் ஒற்றை ஆள் பாய்மரப் படகை ஓட்டிய வேலூர்க்காரரான விஷ்ணு சரவணன் இப்படைப்பிரிவைச் சேர்ந்தவர்.

அவர் ஓட்டிய லேசர் வகைப் படகின் நீளம் 4.2 மீட்டர் மட்டுமே. அதன் திசைமாற்றும் அமைப்பும் மிக எளியது. படகின் பின்புறத்தில் பொருத்திய இரண்டு வளையங்களுக்குள் சுக்கானின் இரண்டு முளைகள் இறங்கி நிற்கும். கைப்பிடித் தண்டு ஒன்று சுக்கானைத் திருப்பும். பற்சக்கரமோ சங்கிலியோ கிடையாது. படகைக் கரையேற்றியதும் வண்டலை நல்ல நீரால் கழுவுவதும், முளையில் ஆட்டம் கண்டிருக்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுமே பராமரிப்பு. இங்கு எண்ணெய் பெரும்பாலும் பகையாகவே முடியும். எண்ணெயில் ஒட்டும் நுண்மணல் அரைக்கும் விழுதாக மாறி, முளையையும் வளையத்தையும் தேய்த்துவிடும். மசகு இடாமலிருப்பதும் பராமரிப்பே என்ற இந்த அறிவு எளிதில் வந்ததன்று.

சாதவாகனர் காசுகளில் காணப்படும் இரட்டைப் பாய்மரக் கப்பல்களைத் திருப்பியவை பக்கவாட்டுத் துடுப்புகள். துடுப்பைக் கட்டிய கயிறு தேய்ந்தால் மாற்றிக் கட்டலாம். கப்பலின் பின்புற நடுவில் அமையும் சுக்கான் சீனாவில் ஹான் பேரரசுக் காலத்திலேயே இருந்ததைக் குவாங்சௌவில் கிடைத்த சுடுமண் கப்பல் உருவம் காட்டுகிறது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது சிற்பங்களில் தென்படுகிறது. தமிழில் வழங்கும் 'சுக்கான்' என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. இந்தியப் பெருங்கடல் வணிகம் விட்டுச்சென்ற தடயம் அது. நடுச் சுக்கானை இரும்பு முளைகளில் தொங்கவிட்டபோது புதிய சிக்கல் ஒன்று பிறந்தது. தேயும் இடம் நீருக்கடியில் இருந்தது. பயணத்தின் நடுவே அங்கே கை எட்டாது, மசகும் நிற்காது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கப்பல்களில் சுக்கான் சக்கரம் வந்தது. சக்கரத்தின் உருளையில் சுற்றிய கயிறு, கப்பிகள் வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கித் தண்டை இழுத்தது. உராயும் இடங்கள் பெருகின. சணல் கயிறு ஈரத்தில் இறுகும், காய்ந்தால் தளரும். அதை அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்தது. அக்காலக் கப்பல்களின் முதன்மையான மசகு விலங்குக் கொழுப்பே. உப்பிட்ட இறைச்சியை வேகவைத்த கொப்பரையில் மிதந்த கொழுப்பும் பாய்மரத்துக்கும் கயிறுகளுக்கும் பூசப்பட்டது. தரையில் நம் மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த வண்டிமை ஆற்றிய பணியை, கடலில் இக்கொழுப்பு ஆற்றியது.

1805 அக்டோபர் 21 அன்று டிரபால்கர் போரில் நெல்சனின் விக்டரி கப்பலின் சக்கரம் குண்டுபட்டுச் சிதறியது. மாலுமிகள் கீழ்த்தளத்துக்கு இறங்கி, சுக்கான் தண்டைக் கயிறுகட்டி இழுத்தே கப்பலைத் திருப்பினார்கள். சக்கரம் பொருத்திய இன்றைய பாய்மரப் படகுகளும் அவசரத் தண்டு ஒன்றைத் தனியே வைத்திருப்பது இத்தகைய நிலைமைக்காகவே.

இன்று சணலின் இடத்தில் எஃகுக் கம்பிவடம் இருக்கிறது. சக்கரத்தடியிலுள்ள சங்கிலிக்கு இலேசான எண்ணெய், கப்பியின் அச்சுக்குச் சில துளிகள், வடத்துக்கு எண்ணெய் தோய்த்த துணி என்பது வழக்கம். இதில் துணிக்கு இரண்டு வேலைகள் உண்டு. வடத்தின் ஓர் இழை அறுந்திருந்தாலும் அது துணியில் சிக்கிக்கொள்ளும். மாறாக, மசகை அப்பி வைத்தால் அறுந்த இழையும் விரிசலும் அதனடியில் மறைந்துபோகும். 1938-இல் கண்டறியப்பட்ட டெப்லான் வந்தபின், எண்ணெயே வேண்டாத தாங்கிகளும் உருவாயின. பொருள்கள் மாறின, ஆனால் மசகிடும் சாக்கில் ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பது மாறவில்லை. பராமரிப்பின் பயனில் பெரும்பங்கு அந்தத் தொடுகையில்தான் இருக்கிறது.

இதன் அருமை நிலத்தில் தெரிவதில்லை. இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து தாரிணி படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2018 மே 21 அன்று திரும்பினார்கள். தென்பெருங்கடலின் புயல்களைக் கடந்த அப்படகு, வீடு திரும்பும் வழியில் திட்டமிடாமல் மொரிசியசின் போர்ட் லூயியில் நிற்க நேர்ந்தது. காரணம், திசைமாற்றும் அமைப்பில் ஏற்பட்ட பழுது. பாய் கிழிந்தால் வேகம் குறையும். சுக்கான் கைவிட்டால், வீசும் காற்றே ஆபத்தாகிவிடும்.

கடல் வரலாறு பெரும்பாலும் கப்பல் நாட்குறிப்புகளிலிருந்து எழுதப்படுகிறது. நாட்குறிப்பு பழுதான நாளைப் பதிவுசெய்யும்; பழுது நேராமல் காத்த நாள்களை அது எழுதுவது அரிது. அந்த நாள்களைத் தேட வேண்டிய இடம் பண்டகசாலைக் கணக்குகள்: எத்தனை பீப்பாய் கொழுப்பு, எவ்வளவு கயிறு, எத்தனை முளைகள் வாங்கப்பட்டன என்ற வறண்ட பட்டியல்கள். உருவத்தில் சிறியோரை இகழலாகாது என்பதற்குத் தேரின் அச்சாணியைச் சான்று காட்டிய வள்ளுவரின் சிலை அல்சூர் ஏரியருகே நிற்கிறது. அந்த அச்சுக்கு மையிட்ட கைகளின் வரலாறு அந்தப் பட்டியல்களுக்குள் இன்னும் படிக்கப்படாமல் கிடக்கிறது.