சிவப்பு விளக்கு எரிந்த மூன்று நாள்



போன வாரம் மூன்று நாள் நான் யாருக்கும் பதில் போடவில்லை என்று பலர் விசாரித்திருந்தீர்கள். "சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று துபாயிலிருந்து ஒருவன் போனே போட்டுவிட்டான். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டு இணையம்தான் படுத்துவிட்டது. எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் எப்படி என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பேசலாம், அவ்வளவுதான்.

எனக்கு மூன்று நாள் போனால் ஒன்றுமில்லை. பேப்பர் படித்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஆனால் அதே மூன்று நாளில்தான் ஒரு பெண் பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி ஏற்றுவதற்காக என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அவள் அப்பா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது ஊரில் பிளம்பிங் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கையடக்கப் போனில் நூறு கல்லூரிப் பெயர்களை மேலும் கீழும் நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். "சார் வீட்டுல வச்சிப் பண்ணு" என்று அனுப்பியிருந்தான். கோடு போட்ட நோட்டில் 62 கல்லூரிகளைத் தன் விருப்ப வரிசையில் அழகாக எழுதி வைத்திருந்தாள். லேப்டாப்பைத் திறந்தோம். சுவரில் இருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. நம் வீட்டுக்குள் வருகிற இந்தக் கம்பியின் கதையை ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. கொஞ்சம் நீளமான பாடம். பொறுமையாகப் படியுங்கள்.

பழைய கறுப்பு டெலிபோன் நினைவிருக்கிறதா? கரண்ட் போனாலும் அது வேலை செய்யும். காரணம், அதற்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டிலிருந்து போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக பேட்டரிகள் இருக்கும். அங்கிருந்து 48 வோல்ட், பேசுகிற அதே செம்புக் கம்பி வழியாக வந்துகொண்டிருக்கும். புயலடித்து ஊரே இருட்டில் கிடந்தாலும் எடுத்தால் டயல் டோன் கேட்கும். அதன் அருமை அன்று நமக்குத் தெரியவில்லை. போன் கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. 1984-ல் சி-டாட் என்ற ஆய்வு மையம் தொடங்கப்பட்டு, நம் நாட்டு வெயிலுக்கும் தூசிக்கும் தாங்குகிற, ஏர்கண்டிஷன் தேவைப்படாத சிறிய எக்ஸ்சேஞ்சுகளை உருவாக்கிய பிறகுதான் கிராமங்களுக்குத் தொலைபேசி பரவலாக வந்தது. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகளும் பெருகின. இரவு கட்டணம் குறைந்த பிறகு பூத் வாசலில் நின்ற வரிசையில் நானும் நின்றிருக்கிறேன்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. படம் தெரிகிற இணைப்பு வேண்டும் என்றால் தனிநபருக்கு 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். வேகம் 9.6 கிலோபிட். இன்று நீங்கள் எனக்கு அனுப்புகிற ஒரு காலை வணக்கப் படம் அந்த வேகத்தில் வந்து சேர இரண்டு நிமிடமாவது ஆகும். தொடங்கிய சில வாரங்களிலேயே இணைப்பு கிடைக்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. நிறுவனத்தின் தலைவர் பி.கே. சிங்கால், தவறு நடந்துவிட்டது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இதை நான் பாராட்டிச் சொல்கிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்தன, அப்படி ஒப்புக்கொண்டவர்கள் குறைவு.

அடுத்த படி 2004-ல் வந்த அகலக்கற்றைக் கொள்கை. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கிலோபிட் என்று அதில்தான் வரையறுத்தார்கள். 2010-க்குள் 2 கோடி இணைப்பு என்பது இலக்கு. 2010 முடியும்போது இருந்தது ஏறக்குறைய அதில் பாதி. அந்த வரையறை 2013-ல் 512 ஆனது. 2023-ல்தான் 2 மெகாபிட் ஆனது.

எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய டெலிபோன் கம்பியிலேயே வருகிற முறை. நாம் பேசும் குரல் அந்தக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே காலியாகக் கிடக்கிற அலைவரிசைகளில் இணையத்தை அனுப்புவார்கள். இரண்டையும் பிரிக்க ஸ்ப்ளிட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒன்று தருவார்கள். எங்கள் வீட்டில் போன் மணி அடித்தால் உடனே இணையம் அறுந்துவிடும். ஆறு மாதம் இப்படியே ஓடியது. என் மகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடும்போதெல்லாம் "யாரும் போன் பண்ணாதீங்க" என்று சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி வைப்போம். போனில்தான் சொல்வோம் என்பது வேறு விஷயம். கடைசியில் ஒரு பழைய மாணவன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "சார், பெட்ரூம்ல இன்னொரு போன் மாட்டியிருக்கீங்க, அதுக்கு ஃபில்டரே இல்லியே" என்றான். அந்த எக்ஸ்டென்ஷனை நான்தான் சொந்தமாக இழுத்து மாட்டியிருந்தேன். ஆறு மாதமாக நான் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த முறைக்கு இன்னொரு குறை உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும். மழை பெய்து செம்புக் கம்பியின் இணைப்புகளில் ஈரம் இறங்கினால் கரகரவென்று சத்தம் வரும், இணையம் நிற்கும். நகரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகள், சமாளித்தார்கள். கிராமத்துக்கு அது சரிப்படவில்லை. அதனால்தான் கண்ணாடி இழையை ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்ற யோசனை வந்தது.

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தேசிய கண்ணாடி இழை வலையமைப்பு என்று பெயர். நாட்டின் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளுக்கும் குறைந்தது 100 மெகாபிட். செலவு சுமார் 20,000 கோடி. கால அளவு இரண்டே ஆண்டு. பணம் எங்கிருந்து என்றால், தொலைபேசி நிறுவனங்களின் வருமானத்தில் 5 விழுக்காடு அனைவருக்கும் சேவை நிதி என்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. சுற்றி வளைத்தால் நீங்களும் நானும் கட்டிய பில்லிலிருந்துதான். முதலில் சோதனைக்கு மூன்று வட்டாரங்களை எடுத்துக்கொண்டார்கள்: ராஜஸ்தானில் அராயின், ஆந்திரத்தில் பரவாடா, திரிபுராவில் பானிசாகர்.

திட்டம் காகிதத்தில் கெட்டிக்காரத்தனமானது. வட்டாரத் தலைநகரம் வரை ஏற்கெனவே பழைய இழை இருக்கிறது. அங்கிருந்து ஊராட்சி வரை மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று நினைத்தார்கள். பழைய இழையில் பல இடங்களில் பழுது. பள்ளம் தோண்ட நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை, ரயில்வே என்று ஒவ்வொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, இழையை ஒரு கோடு போல நீட்டிக்கொண்டே போனது. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்புறம் உள்ள எல்லா ஊரும் இருட்டு. வட்டமாகப் போட்டிருந்தால் மறுபக்கமாக வெளிச்சம் வந்திருக்கும். 2015-ல் பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். இரண்டு ஆண்டில் 2.5 லட்சம் என்றது, ஆறு ஆண்டு கழித்து 2017 டிசம்பரில் 1 லட்சத்தைத் தொட்டது. எந்த ஆட்சி என்று என் பக்கத்தில் யாரும் சண்டை போட வேண்டாம். இரண்டு ஆட்சியிலும் தவணை தள்ளித் தள்ளித்தான் போயிற்று.

அரசுக் கணக்கில் "சேவைக்குத் தயார்" என்று ஒரு கட்டம் இருக்கும். இப்போது அதில் 2 லட்சத்துக்கு மேல் ஊராட்சிகள் உள்ளன. தயார் என்றால் இழை வந்து பெட்டி மாட்டியாயிற்று என்று பொருள். அந்த அறைச் சாவி யாரிடம், கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறதா, அங்கிருந்து ஒரு வீட்டுக்கு யார் கம்பி இழுப்பார்கள், இதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வராது. வருகைப் பதிவேட்டில் "உள்ளேன்" என்று குறித்துவிட்டால் பிள்ளை பாடம் படித்துவிட்டான் என்று ஆகுமா? முப்பது வருஷத்துக்கு மேல் பதிவேடு எழுதியவன் சொல்கிறேன்.

நம் தமிழ்நாட்டில் அப்போது 12,525 கிராம ஊராட்சிகள். இங்கே மாநில அரசே டான்ஃபினெட் என்ற நிறுவனத்தை அமைத்துச் செய்வது என்று முடிவாகியது. சுமார் 1,800 கோடிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று புகார் போய், மத்திய அரசு அதை ரத்து செய்து புதிதாகக் கோரச் சொன்னது. அது நடந்தது 2020 ஜூன் மாதம். அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. பிள்ளைகள் வீட்டில். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல காரியம்தான். ஆனால் டி.வி. கேள்வி கேட்டால் பதில் சொல்லாது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அந்த வருஷம் ஐந்தாவது படித்த பிள்ளைகளில் சிலருக்குப் பெருக்கல் வாய்ப்பாடே மறந்துபோயிருந்தது. ஒப்பந்தம் ஒழுங்காகத்தான் நடக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் தேதியை மட்டும் சொல்கிறேன்.

அரசு இழை வரும் வரும் என்று காத்திருந்த இந்த இடைவெளியில், ஊருக்குள் இழையை இழுத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் கேபிள் டி.வி.காரர்களும் தனியார் நிறுவனங்களும். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சின்ன அறிவியல் பாடம். உள்ளே வருகிற இழையின் தடிமன் 125 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடி. அதற்கு நடுவில் வெறும் 9 மைக்ரான் அகலத்தில்தான் ஒளி ஓடுகிறது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து. ஒரே இழையைத் தெருவில் 32 வீடுகளுக்குக்கூடப் பிரிப்பார்கள். எல்லா வீடும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு பெட்டிக்கும் முறை ஒதுக்கியிருப்பார்கள். பெயர் கூப்பிடும்போது அவரவர் மட்டும் "உள்ளேன் ஐயா" சொல்வது போல. இழையை இறுக்கி மடித்தால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். தொங்கிக்கொண்டிருந்த கம்பியை ஆணியில் சுற்றி இறுக்கிக் கட்டி, ஒரு நாள் முழுக்க இணையத்தை நிறுத்திய பெருமையும் எனக்கு உண்டு. பெட்டியைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தது வீட்டம்மா. சமையலறைக்கு வைஃபை வரவில்லை என்று என்னிடம் புகார் சொன்னதும் அவர்தான்.

பெட்டியில் சிவப்பு எரிந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். பெட்டியை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. இது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண்ணுக்குத் தெரியவில்லை. "ஆஃப் பண்ணி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்." செய்தேன். "லைட் என்ன கலர் சார்?" சிவப்பு அம்மா. "இன்னொரு தடவை ஆஃப் பண்ணுங்க சார்." தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று பேசிவிட்டு, கீழே இறங்கி அணைத்துவிட்டு, மறுபடி மேலே ஏறிப் பேச வேண்டும். முட்டி வலிக்காரனுக்கு இது ஒரு தண்டனை. மறுநாள் காலை ஒரு குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி. விளக்கு சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் இரண்டாம் நாளும் வந்து பார்த்தாள். "பரவால்ல சார், நான் டவுனுக்குப் போய்ப் பண்ணிக்கிறேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பிரவுசிங் சென்டரில் கூட்டம். ஒருவருக்கு இவ்வளவு நேரம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். 62-ல் 35 தான் ஏற்ற முடிந்தது. திரும்பி வரும்போது அவள் அழவில்லை, அவள் அப்பாவுக்குத்தான் முகம் விழுந்துபோயிருந்தது. "நீங்க என்ன சார் பண்ணுவீங்க" என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

மூன்றாம் நாள் மதியம் ஒரு பையன் பைக்கில் ஏணியோடு வந்தான். தெருமுனையில் குடிநீர்க் குழாய்க்கு ஜே.சி.பி. வைத்துத் தோண்டியபோது இழை அறுந்திருக்கிறது. இப்படி அறுப்பதில் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி நஷ்டம் என்று மத்திய அரசே சொல்லி, தோண்டுவதற்கு முன் தகவல் சொல்ல "கால் பிஃபோர் யூ டிக்" என்று ஒரு செயலியை 2023 மார்ச்சில் கொண்டுவந்தது. ஜே.சி.பி. ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. குழாய்க்காகத் தோண்டியது தவறா? அந்தத் தெருவுக்கும் தண்ணீர் வேண்டும்தானே. இழை அறுந்தது நாற்பது அடி தூரத்தில். ஒட்டவைக்க அந்தப் பையனுக்கு இருபது நிமிடம் ஆனது. சிறிய கருவிக்குள் இரண்டு நுனியையும் நேருக்கு நேர் வைத்து, ஒரு பொறி விட்டு உருக்கிச் சேர்த்துவிட்டான். நான் பக்கத்தில் நின்று வாய் திறந்து பார்த்தேன். பதினைந்து ஊரை அவன் ஒருவனே பார்க்கிறானாம். சாப்பிட்டானா என்று கேட்டு, வீட்டம்மா மோர் கொடுத்தார்.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு பாரத்நெட்டைத் திருத்தி மறுபடி தொடங்கியிருக்கிறது. 1,39,579 கோடி. இந்த முறை இழையை வட்டமாகப் போடுகிறார்கள், பத்து ஆண்டு பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள், 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு என்கிறார்கள். பராமரிப்பைச் சேர்த்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தப் பையனைப் போல இன்னும் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

கல்லூரி ஒதுக்கீடு வருகிற சனிக்கிழமை தெரியும் என்கிறார்கள். அந்தப் பெண் காலையிலேயே இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பெட்டியை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்துத் திண்ணைப் பக்கச் சுவரில் மாட்டியாயிற்று. இதை எழுதும்போது பச்சை எரிகிறது.