கூரையின் நிறமும் குடியிருப்போர் நிறமும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. சொந்தமாக ஒரு வீடு அமைந்துவிட்டால், அதன் சுவருக்கு எவ்வண்ணம் பூசுவது, முற்றத்தைச் சுற்றி வேலி இடுவதா வேண்டாவா, பின்புறத்தில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவதா என்பனவற்றை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்ளலாம் என்பது அப்பழமொழியின் உட்கிடை. ஆனால், தனிமனித உரிமையைத் தன் அரசியலமைப்பின் உயிர்நாடியாகப் போற்றும் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, கோடிக்கணக்கான மக்கள் தம் வீட்டின் புறத்தோற்றத்தை மாற்றுமுன் அண்டை வீட்டார் அடங்கிய ஒரு குழுவிடம் வரைபடத்தைக் காட்டி இசைவு பெற வேண்டியவராய் இருக்கின்றனர். அக்குழு அரசாங்கம் அமைத்ததன்று, நகராட்சி அமைத்ததுமன்று. ‘வீட்டுரிமையாளர் சங்கம்’ என்னும் தனியார் அமைப்பே அதனை நடத்துகின்றது.

இவ்வமைப்பின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நன்று. கூரை ஓட்டின் நிறம் இன்னதாக இருத்தல் வேண்டும் என்று விதித்த அதே பத்திரம், ஒரு காலத்தில் அக்கூரையின்கீழ் வாழ்வோரின் தோல் நிறமும் இன்னதாக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைத் தெளிய ஒரு பெரிய நாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இலண்டன் சதுக்கத்து வழக்கு

இவ்வரலாற்றின் வேர் அமெரிக்காவில் இல்லை, இலண்டனில் உள்ளது. அந்நகரின் லெஸ்டர் சதுக்கத்து நடுவே ஒரு பூந்தோட்டம் இருந்தது. அதற்கும் அதனைச் சூழ்ந்த சில வீடுகளுக்கும் உரியவர் டல்க் என்பவர். 1808ஆம் ஆண்டில் அவர் தோட்டத்தை மட்டும் எல்ம்ஸ் என்பவருக்கு விற்றார். விற்கும்பொழுது ஓர் உறுதிமொழி வாங்கிக்கொண்டார். தோட்டத்தைத் தோட்டமாகவே பேணவேண்டும். அதில் கட்டடம் எழுப்பலாகாது என்பதே அவ்வுறுதிமொழி. பின்னர் நிலம் கை மாறிக் கை மாறி, மோக்சே என்பவரிடம் வந்தது. அவருடைய பத்திரத்தில் அவ்வுறுதிமொழி இடம்பெறவில்லை. ஆயினும், பழைய உறுதிமொழி ஒன்று உண்டு என்பதை அவர் அறிந்தே வாங்கினார். வாங்கியபின், ‘வாக்குக் கொடுத்தவன் நான் அல்லன், ஆதலால் கட்டடம் கட்டுவேன்’ என்றார்.

வழக்கு 1848இல் தீர்ந்தது. சான்சலர் பதவி வகித்த காட்டனம் பிரபு மோக்சேக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். அவர் காட்டிய காரணம் எளியது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிலம் குறைந்த விலைக்கே கிடைக்கும். அவ்விலைக்கு வாங்கியவர், மறுநாளே கட்டுப்பாடற்ற நிலம்போல் கூடிய விலைக்கு விற்றுவிட முடியுமானால், அதைவிட நீதியற்றது வேறில்லை. ஆகவே, அறிந்து வாங்கியவனை அவ்வாக்குக் கட்டும் என்பது முடிவாயிற்று. அதுவரை மனிதனைப் பற்றி நின்ற வாக்கு, அன்றுமுதல் மண்ணைப் பற்றி நிற்கலாயிற்று. நிலத்துடன் ஓடும் இவ்வுடன்படிக்கையே பிற்காலத்துச் சங்க விதிகள் அனைத்துக்கும் அடிப்படை.

அமெரிக்காவிற் பரவியமை

அமெரிக்காவிலும் இத்தகைய ஏற்பாடுகள் முன்பே முளைவிட்டிருந்தன. 1831இல் சாமுவேல் ரகில்ஸ் என்பவர் நியூயார்க்கில் கிராமர்சி பூங்காவை அமைத்து, சுற்றியுள்ள மனைக்காரர்களின் பொது உரிமையாக்கினார். பாஸ்டன் நகரத்து லூயிஸ்பர்க் சதுக்கத்தார் 1844இல் தமக்குள் ஒரு குழு அமைத்துக்கொண்டனர். ஆயினும், புறநகர்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் இம்முறை வேகம் கொண்டது. 1891இல் பால்டிமோர் நகருக்கு அருகே தொடங்கப்பெற்ற ரோலண்ட் பார்க்கும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சஸ் நகரில் ஜே.சி. நிக்கல்ஸ் அமைத்த கண்ட்ரி கிளப் வட்டாரமும் இதற்குச் சிறந்த சான்றுகள்.

மக்கள் இக்கட்டுப்பாடுகளை விரும்பி ஏற்றது ஏன்? அக்காலத்தில் நில உபயோகத்தை வரையறுக்கும் நகர்ச் சட்டங்கள் இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஒருவர் வீடு கட்டுவார். அடுத்த மனையிலே குதிரைக் கொட்டிலோ சாராயக் கடையோ தொழிற்சாலையோ எழும்பும். கேட்பாரில்லை. நியூயார்க் நகரம் முழுமையான நில உபயோகச் சட்டம் இயற்றியது 1916இல்தான். அத்தகைய சட்டம் செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் யூக்லிட் என்னும் ஓகாயோ மாநிலச் சிற்றூரின் வழக்கில் தீர்ப்பளித்தது 1926இல். அரசு காவாத இடத்தில் அயலாரின் வாக்கே காவலாயிற்று. வீதியிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்டவேண்டும்; இத்தனை டாலருக்குக் குறையாத செலவில் கட்டவேண்டும்; கொட்டில் கூடாது என்று பத்திரங்கள் பேசின.

வாக்கு இருந்தால் மட்டும் போதுமா? அதைக் காக்க ஆள் வேண்டாவா? இங்கேதான் சங்கம் தோன்றுகின்றது. நிக்கல்ஸ் தம் வட்டாரங்களில் வீட்டுக்காரர் சங்கங்களை ஏற்படுத்தினார். பெரும்பான்மையோர் முன்கூட்டியே மறுத்தாலன்றிக் கட்டுப்பாடுகள் தாமே புதுப்பித்துக்கொள்ளும்படியும் எழுதிவைத்தார். கலிபோர்னியாவின் பசிபிக் கடலோரத்தில் 1923இல் நிறுவப்பெற்ற பாலோஸ் வெர்டெஸ் வீடுகள் சங்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கே ‘கலை நடுவர் குழு’ என்று ஒன்று அமைந்தது. வீடாயினும், மதிலாயினும், வேலியாயினும் அக்குழு வரைபடத்தைப் பார்த்து ஒப்பினாலன்றி எழுப்பலாகாது. கூரையின் சாய்வும் ஓட்டின் நிறமும் அதன் பார்வைக்கு உட்பட்டன. இன்றும் அவ்வூரில் செவ்வோட்டுக் கூரைகள் நிரல்படத் தோன்றுவது அக்குழுவின் செயலேயாகும்.

சங்கம் நடப்பதற்குப் பொருள் வேண்டும். நியூயார்க்கின் கடலோரப் பகுதியான நெபான்சிட்டில், 20 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள மனை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 4 டாலருக்கு மேற்படாத கட்டணம் பத்திரத்தில் விதிக்கப்பட்டிருந்தது. தனக்கென நிலம் இல்லாத ஒரு சங்கம், பின்னால் வந்த உரிமையாளரிடம் அதனைக் கேட்டுப் பெற முடியுமா என்ற வினா எழுந்தது. முடியும் என்று அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1938இல் விடை கூறிற்று. வாக்கு, காவலர், கருவூலம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தன.

ஒரே தாளில் இரு விதிகள்

இனி, இவ்வரலாற்றின் கறை படிந்த பக்கத்தைக் காண்போம். கறுப்பின மக்கள் இன்ன தெருக்களில் வாழலாகாது என்று லூயிவில் நகரம் சட்டம் இயற்றியது. அதனை உச்ச நீதிமன்றம் 1917இல் செல்லாதென்றது. நகர்ச் சட்டத்தாற் செய்ய இயலாததைத் தனியார் பத்திரத்தாற் செய்யத் தலைப்பட்டனர் வெள்ளையர் பலர். கொட்டில் கூடாது, வேலி கூடாது என்ற வரிகளின் பக்கத்திலேயே, வெள்ளை இனத்தார் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்ற வரியும் ஏறிற்று. வெள்ளையரிடம் வேலை செய்யும் பணியாட்களுக்கு மட்டும் பல இடங்களில் விலக்கு இருந்தது. நிக்கல்சின் வட்டாரங்களிலும் பாலோஸ் வெர்டெசிலும் இத்தகைய விதி உண்டு. வீட்டுக் கடனுக்கு ஈடு நின்ற மத்திய அரசின் வீடமைப்பு நிருவாகமும் 1930களில் இவ்விதிகளைப் பரிந்துரைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்தியர்க்கும் இதில் தொடர்பில்லாமல் இல்லை. இந்தியர் சட்டப்படி ‘வெள்ளையர்’ ஆகார். ஆதலின் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று அதே உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. வெள்ளையர்க்கு மட்டும் என்று எழுதிய பத்திரத்தின் முன் நம்மவரும் புறத்தே நிற்பவரே.

இதற்கு முடிவு கட்டத் தொடங்கியது செயின்ட் லூயி நகரத்து வழக்கு ஒன்று. லபாடி தெருவிலே 1911இல் 39 உரிமையாளருள் 30 பேர் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஒன்று இருந்தது. கறுப்பினத்தாரும் மங்கோலிய இனத்தாரும் 50 ஆண்டுக் காலம் அங்கே குடியிருக்கலாகாது என்பது அது. 1945இல் செல்லி என்ற கறுப்பினக் குடும்பத்தார் இதனை அறியாமலே அங்கு ஒரு வீடு வாங்கிக் குடியேறினர். அத்தெருவில் வீடுடைய கிரேமர் குடும்பத்தார் அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. நீதிபதிகள் ஒன்பதின்மருள் மூவர் விலகிக்கொள்ள, எஞ்சிய அறுவரும் ஒருமனமாக 1948 மே 3ஆம் நாள் தீர்ப்பு வழங்கினர். தனியார் தமக்குள் எழுதிக்கொள்வதை அரசியலமைப்புத் தடுக்கவில்லை; ஆனால், அதை நிறைவேற்ற நீதிமன்றம் கை கொடுத்தால் அது அரசின் செயலாகிவிடும்; அரசு அவ்வாறு செய்தல் சமத்துவ உரிமைக்கு முரண் என்று அவர்கள் கூறினர்.

தீர்ப்பு வந்ததும் உள்ளம் மாறிவிடவில்லை. 1947இல் நியூயார்க் அருகே லெவிட் நிறுவனம் கட்டத் தொடங்கிய லெவிட்டவுனில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அங்கே வேலி இடலாகாது. நீளக் கொடி கட்டித் துணி உலர்த்தலாகாது. புல்தரையைத் தவறாமல் வெட்டவேண்டும். தொடக்கத்துக் குத்தகைப் பத்திரங்களில் இனத்தடை விதியும் இருந்தது. அதனை நீக்கிய பின்னரும் கறுப்பினத்தார்க்கு வீடு விற்க நிறுவனம் முன்வரவில்லை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனவேற்றுமை காட்டுதலைக் குற்றமாக்கும் மத்திய அரசுச் சட்டம் 1968இல்தான் பிறந்தது. பழைய பத்திரங்களில் அவ்வரிகள் பின்னும் கிடந்தன. அவற்றை மறைத்து நீக்க மாவட்டப் பதிவகங்கள் ஏற்பாடு செய்யவேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் இயற்றிய ஆண்டு 2021.

அதே லெவிட்டவுன் இன்னொரு பாடமும் புகட்டுகின்றது. விதிகளைக் காக்க அங்கே வலிய சங்கம் இல்லை. மக்கள் வேலி இட்டனர். முடிக்காமல் விடப்பட்ட மேல் பரணை அறையாக்கினர். முன்னும் பின்னும் கூட்டிக் கட்டினர். மாற்றமடையாத வீடு ஒன்றை இன்று அங்கே காண்டல் அரிது. பாலோஸ் வெர்டெசில் சங்கம் வாழ்ந்தது; கூரைகளும் வாழ்ந்தன. லெவிட்டவுனில் குடும்பம் வளர்ந்தது. வீடும் உடன் வளர்ந்தது. இவற்றுள் எது அழகு என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது.

குழுவின் அதிகாரத்துக்கு எல்லை

1960களின் பின்னர்ச் சங்கங்கள் மிகப் பெருகின. பொதுப் பூங்கா, சாலை, நீச்சற்குளம் முதலியவற்றை நகராட்சிக்குச் சுமையாக்காமல் வீட்டுக்காரரே பேணும் முறை, நிலம் விற்போர்க்கும் நகராட்சிக்கும் ஒருங்கே உவப்பாயிற்று. 1970இல் ஏறத்தாழ 10,000 ஆக இருந்த இத்தகைய குடியிருப்புச் சமூகங்கள் இன்று மூன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டன என்றும், அவற்றில் வாழ்வோர் 7 கோடிக்கு மேல் என்றும் மதிப்பிடுகின்றனர். இனத்தடை நீங்கியது, கூரையும் வண்ணமும் வேலியும் பற்றிய விதிகள் நின்றன. ஆனால், அவ்விதிகளைக் கையாளும் குழு மனம்போனபடி மறுக்கலாமா என்ற வினா எஞ்சியது.

கொலராடோ மாநிலத்தில் ரூ என்பவர் 30 ஆண்டுப் பழமையுள்ள ஸ்பானிய பாணி வீடு ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து, புதுப்பாணி வீடுகளே நிறைந்த குடியிருப்பில் வைக்க விரும்பினார். குழுவின் ஒப்புதலைப் பெறவில்லை. ‘எது ஏற்கத்தக்கது என்று பத்திரத்தில் அளவுகோல் இல்லையே, எங்ஙனம் தடுப்பீர்’ என்று வாதிட்டார். அம்மாநில உச்ச நீதிமன்றம் 1969இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அண்டை வீடுகளின் மதிப்பைக் காப்பது முறையான நோக்கமே என்றது. ஆயினும், மறுப்பு நியாயமானதாகவும் நல்லெண்ணத்துடன் கூடியதாகவும் இருத்தல் வேண்டும். தன்விருப்பப்படி மறுத்தலாகாது என்று எல்லையும் கட்டியது.

பின்னர்ச் சட்டங்களும் எல்லை வகுத்தன. சூரிய வெப்பத்தையும் ஒளியையும் பயன்படுத்தும் கருவிகளைச் சங்கங்கள் தடை செய்வதைக் கலிபோர்னியா 1978இல் கட்டுப்படுத்தியது. ஒரு மீட்டருக்கு மேற்படாத டிஷ் ஆண்டெனாவை வீட்டுக்காரர் தமக்குரிய இடத்தில் வைக்கும் உரிமையை மத்திய அரசின் விதி 1996இல் காத்தது. நாட்டுக் கொடியைத் தம் வீட்டில் ஏற்றுதலைச் சங்கம் தடுக்கலாகாது என்பது 2006இல் நிறைவேறிய சட்டம். 2005ஆம் ஆண்டுமுதல் கலிபோர்னியாவில் ஒரு விண்ணப்பத்தை மறுக்கும் சங்கம் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். மறு ஆய்வு கோரும் வழியையும் காட்டவேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்பொழுது ஓர் உண்மை புலனாகின்றது. வீட்டின் புறத்தோற்றம் வீட்டுக்காரருக்கு மட்டும் உரியதன்று. எதிர்வீட்டாரின் கண்ணுக்கும் காற்றுக்கும் அதில் பங்குண்டு. ஆதலின், அயலார் கூடி ஒரு வரம்பு செய்துகொள்ளுதல் குற்றமாகாது. அவ்வரம்பு சுவரை அளக்கும்வரை அது நல்ல வேலி. சுவருக்குள் வாழும் மனிதரை அளக்கத் தொடங்கினால் அதுவே கொடுமை. வரம்பு காப்போரும் தம் மறுப்புக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடி வீடுகளின் நிருவாகக் கழகங்களிலும் குழுக்களிலும் நம்மவர் பலர் அமர்கின்றனர். பலகணிக் கம்பிக்கும் கதவு வண்ணத்துக்கும் இசைவு கேட்டு ஒருவர் அவர்கள்முன் நிற்கும்பொழுது, எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றே: நாம் அளப்பது அவருடைய கதவையா, அவரையா?