அலையைத் தடுத்தால் மணல் எங்கே போகும்?

கடலே இல்லாத தருமபுரியில் இருந்துகொண்டு கடலரிப்பைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். ஒகேனக்கல் வழியே இறங்கும் காவிரியின் மணல்தான் ஒரு காலத்தில் டெல்டாக் கடற்கரையின் மூலதனமாக இருந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அதில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. அந்த நீர்த்தேக்கத்தின் மேல்முனை எங்கள் மாவட்டத்துக்குள் இருப்பதால், இந்தக் கணக்கில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆறு கொண்டுவந்து சேர்க்கும் மணல் கரையில் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து கரையேறுகிறது. நேராகத் திரும்பி இறங்குகிறது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் மணல் சற்றே நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகரும் இந்த மணலோட்டம், சென்னை, புதுச்சேரி கரைகளில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கியதே. குறுக்கே ஒரு சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும்.

சென்னை இதற்குப் பழைய சாட்சி. 1876-இல் துறைமுகப் பணிகள் தொடங்கிய பின், தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. நாம் மாலையில் காற்று வாங்கும் அந்த மணலுக்கு ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான மீனவக் குடியிருப்புகள் விலை கொடுத்தன.

புதுச்சேரியில் அதே கதை இன்னும் விரைவாக நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. நகரின் மணற்கரை மறைந்தது, கற்கள் கொட்டப்பட்டன. சரிவான மணற்பரப்பில் அலை தன் வேகத்தைச் செலவழித்துவிடும். கல்சுவரிலோ மோதித் திரும்பி, அடிமணலைத் தோண்டும். சுவரும் மெல்ல உள்ளிறங்கும். அதற்குள் அரிப்பு வடக்கே நகர்ந்து, மாநில எல்லையைத் தாண்டி, தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை சென்றுவிட்டது.

பொருளியல் வகுப்பில் புறவிளைவுச் செலவு என்று ஒரு பாடம் உண்டு. ஒருவர் ஆதாயம் பெற, மற்றொருவர் செலவைச் சுமப்பது அது. ஆலைப்புகையையே உதாரணமாகச் சொல்லி ஓய்வு பெற்றுவிட்டேன்; இன்று நடத்தினால் தூண்டில் வளைவைச் சொல்வேன். ஒரு கிராமத்துக்குக் கட்டினால் அடுத்த கிராமம் கேட்கிறது. கேட்பவர்களைக் குறைசொல்ல மாட்டேன். படகை ஏற்றிவைக்கவும் கரைவலை இழுக்கவும் மணல் இல்லையென்றால் பிழைப்பே இல்லை. ஆனால் தூண்டில் வளைவு புதிய மணலை உண்டாக்குவதில்லை; இருப்பதைப் பங்கு பிரிக்கிறது, அவ்வளவுதான்.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் 2018-இல் புதுச்சேரியில் நீருக்கடியில் எஃகுத் திட்டு அமைக்கப்பட்டது. அலையின் வேகம் முன்னதாகவே தணிந்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் திரும்பியது. தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டுவது மற்றொரு வழி. அது ஒருமுறைச் செலவு அன்று. துறைமுகம் உள்ளவரை ஆண்டுதோறும் செய்யவேண்டியது. திறப்பு விழா இல்லாத செலவு என்பதால் நிதிநிலை அறிக்கையில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான்.

அடுத்த தூண்டில் வளைவின் மதிப்பீட்டில், கல்லுக்கும் கூலிக்கும் அடுத்த வரியாக, வடக்கே இருக்கும் கிராமம் இழக்கப்போகும் மணலின் விலையும் எழுதப்பட வேண்டும். ஒப்புதல் கூட்டத்துக்கு அந்தக் கிராமத்தாரையும் அழைக்க வேண்டும்.